பாகல்கொடி மேல் போட்ட பழி

மாமனார் ரத்த வாந்தி எடுத்த காலையில் முதலில் ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தவள் மருமகள்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவளும் அவள்தான். ஆனால் மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி வந்து நிற்பதற்குள், "இவ கையால ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு, இப்படி ஆயிட்டாரு" என்று மாமியார் வாசல் காவலாளியிடமே சொல்லிவிட்டாள். காவலாளி மருமகளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் நெஞ்சில் தீ பற்றியது அந்தப் பார்வையில்தான்.

அந்த வீட்டில் ஐந்து பேர். மாமனார் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சர்வேயர். ஓய்வுக்குப் பிறகு அளப்பதற்கு நிலம் இல்லாமல் போகவே மொட்டை மாடியை அளந்து, பாதியாக அறுத்த நீல நிறப் பீப்பாய்களை நூல் பிடித்தது போல வரிசையாக வைத்து, அதில் காய்கறி போட்டார். மாமியார் மாடிப்படி ஏறமாட்டாள், முழங்கால் வலி. ஆனால் மாடியில் எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று அடுக்களையில் உட்கார்ந்தபடியே சொல்வாள். மூத்த மகன் கல்யாணம் செய்துகொள்ளாதவன். வருஷத்துக்கு ஒரு புதுத் தொழில் தொடங்குவான். அவனுக்கு 'டிசைன்' என்று பட்டப்பெயர். இளையவன் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தான். அவன் மனைவிதான் இவள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில், லென்ஸை ஃப்ரேம் அளவுக்கு அரைத்துப் பொருத்துவது அவள் வேலை. இருவரும் தாங்களாகவே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவர்கள். அதை மாமியார் இன்னும் ஜீரணித்தபாடில்லை.

மாமனார் ரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று தினமும் காலையில் சுரைக்காய்ச் சாறு குடிப்பார். இந்த வருஷம் சந்தையில் வாங்கிய காயில்தான் அதுவரை நடந்தது. அன்றைக்கு அவருடைய மாடிக் கொடியில் இந்த வருஷம் காய்த்த முதல் காய். அவரே பறித்து, அவரே கழுவி, குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் மருமகளிடம் கொடுத்தார். அவள் தோல் சீவி, அரைத்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, கசக்குது?"

"கசக்குதா? அப்ப குடிக்காதீங்க மாமா. குடுங்க, கொட்டிடறேன்."

"கொட்டுறதாவது! இந்த வருஷம் என் கொடியில காய்ச்ச முதல் காய். கசக்குறதெல்லாம் மருந்து. தெரியுமா உனக்கு?"

"வேணாம் மாமா. சுரைக்காய் கசந்தா ஆகாதுன்னு எங்கம்மா சொல்வாங்க."

"உங்கம்மா எந்தக் காலேஜுல படிச்சாங்க? போம்மா, போய் வேலையைப் பாரு."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. மாமியார் அப்போது குளியலறையில் இருந்தாள். டிசைன் தூங்கிக்கொண்டிருந்தான். கணவன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பேசிய இருவர் மட்டும்தான்.

அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சுரைக்காய்ச் சாறு என்றதும் அவர் முகம் மாறியது.

"கசந்துச்சா?"

"கசந்துச்சு" என்றாள் மருமகள்.

"கசக்குற சுரைக்காய்ல விஷம் இருக்கும்மா. சாறாக் குடிச்சா நேரா குடலை அரிச்சிடும். இதுக்கு விஷமுறிவு மருந்து கிடையாது. ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருக்கு, அதை ஏத்திக்கிட்டிருக்கோம். கசந்ததுன்னு தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர். மாடியில இவ பாகக்காய் வச்சிருக்கா. சுரைக்கொடிக்குப் பக்கத்துல வைக்காதடி, கசப்பு ஏறிடும்னு சொன்னேன். கேட்டாளா? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுக் கிடக்கு. அது இதுல கலந்திடுச்சு!"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் மனுஷ டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மதியத்துக்குள் கதை வளர்ந்துவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் மாமியார் முதலில் "இவ வச்ச பாகக்கொடியால" என்றாள். அடுத்து வந்தவர்களிடம் "சொல்லச் சொல்ல வச்சா" என்றாள். சாயங்காலம் வந்த தன் மகளிடம் அது "வேணும்னே வச்சா" என்று ஆகியிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில், அதே பெஞ்சின் மறுமுனையில், மாமனாரின் அழுக்குத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். அவள் காது கேட்காதவள் என்பதுபோல அவர்கள் பேசினார்கள்.

கணவன் அச்சக மசியோடு ஓடிவந்தான். அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனான். அவன் அழுதிருந்தான். அவளும் அப்போதுதான் அழத் தொடங்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ரொம்பப் பிரியமாக அவன் கேட்டான்.

"நீ ஏதாவது கலந்தியா?"

அவளுக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன கேட்டே?"

"இல்ல, தெரியாம ஏதாவது..."

"உங்கப்பாவைக் கேளு" என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

அவள் நம்பியது அதைத்தான். மாமனார் பிழைத்து வாயைத் திறந்தால் போதும். 'அவள் வேண்டாம் என்றாள், நான்தான் குடித்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்வார். எல்லோர் வாயும் அடைபடும். அவர் பிழைத்தார். கண்ணைத் திறந்தார். கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேறினார். மாமியார் அவர் காதருகே குனிந்து, "அவ குடுக்கும்போது ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டபோது மருமகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

பொய். ஊரையே சென்டிமீட்டர் கணக்கில் நினைவு வைத்திருக்கும் மனுஷர், நாற்பது வருஷத்துக்கு முன் அளந்த வரப்பு எந்தக் கல்லில் திரும்பும் என்று சொல்கிறவர், நாலு நாள் முன்பு தன் வாயால் சொன்னதை மறந்துவிட்டாராம். முட்டாள்தனமாக விஷத்தைக் குடித்தேன் என்று ஒப்புக்கொள்வதைவிட மருமகள் கொலைகாரியாக இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது பாகல்கொடி மாடிப்படியில் கிடந்தது. வேரோடு பிடுங்கி, துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். மாமியார் சொல்லி டிசைன் செய்த வேலை. பிஞ்சுகள் படியெல்லாம் நசுங்கி வழுக்கின. பக்கத்தில் சுரைக்கொடி மட்டும் பந்தலில் சௌகரியமாகப் படர்ந்து, நாலைந்து காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. கொல்லப் பார்த்ததைக் கொஞ்சிக்கொண்டு, சும்மா இருந்ததை வெட்டியிருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அரவை இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, லென்ஸின் விளிம்பு அளவுக்கு மீறித் தேய்ந்துபோனது. இரண்டு லென்ஸை வீணாக்கினாள். முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னிக்கு நீ முன்னாடி உட்காரு, வர்றவங்களுக்குக் கண்ணாடியை மாட்டிப் பாரு" என்று அனுப்பினார்.

அப்படித்தான் அந்த அம்மாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். வாடிக்கையாளர், வருஷம் தவறாமல் கண்ணாடி மாற்றுகிறவர். காய்கறி விதை ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பினம் உருவாக்கும் விஞ்ஞானி என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ரேமைச் சூடாக்கி அவர் காதுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டே மருமகள் கேட்டாள்.

"மேடம், பாகற்காயைப் பக்கத்துல வச்சா சுரைக்காய் கசக்குமா?"

"யார் சொன்னது?"

"எங்க மாமியார்."

"என் மாமியாரும் அதையேதான் சொல்வாங்க. நான் அதுலதான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேன்னு சொன்னாலும் நம்பமாட்டாங்க." அந்த அம்மாள் சிரித்தார். எதிரே இருந்தவள் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். "என்ன ஆச்சு?"

மருமகள் சொன்னாள். ஒன்றையும் விடாமல், கையில் ஃப்ரேம் ஆறிக்கொண்டிருக்க, பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னாள். விஞ்ஞானி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இங்க பாரும்மா. பாகலும் சுரையும் ஒரே குடும்பம்தான். பூசணி, பீர்க்கு, புடல், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். ஆனா அதுங்களுக்குள்ள கொள்வினை கொடுப்பினை கிடையாது. தேனீ என்னதான் மகரந்தத்தைச் சுமந்துட்டுப் போனாலும் ஒட்டாது. கொடி ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. சுரைக்குச் சுரைதான் சேரும்."

"அப்ப எப்படிக் கசந்துச்சு?"

"விதை எங்க வாங்கினது?"

"வாங்கலை. போன வருஷம் அவரே ஒரு காயை முத்தவிட்டு எடுத்தது."

"போன வருஷம் மாடியில வேற சுரை ஏதாவது இருந்துச்சா? சாப்பிடறதுக்கு இல்லாம அழகுக்கு வளர்க்குற ஜாதி? குடுவை மாதிரி, வாத்து மாதிரி இருக்குமே?"

மருமகள் கையிலிருந்த ஃப்ரேமை மேசைமேல் வைத்தாள். வீட்டு முன்னறையில் ஆறு விளக்குகள் தொங்குகின்றன. காய்ந்த சுரைக்குடுவையில் துளை போட்டு, வர்ணம் அடித்து, உள்ளே பல்பு வைத்தவை. டிசைனின் போன வருஷத் தொழில். வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து "அடடா" என்பார்கள். அந்தக் குடுவைகள் மாடியில், மாமனாரின் கொடிக்கு அடுத்த பீப்பாயில் காய்த்தவை.

மருமகள் அதைச் சொன்னதும், "அதுதான்" என்றார் விஞ்ஞானி. "அந்த ஜாதி பெரும்பாலும் கசப்பு. ஆனா அதுவும் சுரைதான். ரெண்டும் சாயங்காலம் பூக்கும், ராத்திரி அந்துப்பூச்சி வந்து இதுலேர்ந்து அதுக்குக் கொண்டுபோகும். போன வருஷம் காயைச் சாப்பிட்டிருப்பீங்க, நல்லாத்தான் இருந்திருக்கும். கலப்பு காய்ல தெரியாது. அந்தக் காய்க்குள்ள இருக்குற விதையில போய் உட்கார்ந்துக்கும். அந்த விதையைப் போட்டு இந்த வருஷம் வந்த காய்தான் கசக்கும். எல்லா விதையும் அப்படி இருக்கணும்னு இல்ல. சிலது கசக்கும், சிலது நல்லாருக்கும். வெளியேர்ந்து பார்த்தா எதுன்னு தெரியாது. நறுக்கினதும் நுனி நாக்குல ஒரு துண்டை வச்சுப் பார்க்கணும். கசந்தா துப்பிட்டு, காயைத் தூக்கிப் போட்டுடணும். வேகவச்சாலும் அந்த விஷம் போகாது." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டே கேட்டார். "அந்த விதையை வேற யாருக்காவது குடுத்திருக்காரா?"

கொடுத்திருக்கிறார். தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார். காகிதத்தில் மடித்து, வீடு வீடாகப் போய், "என் சொந்த விதை" என்று பெருமையாகக் கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறைச் சாய்வு நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். மாமியார், டிசைன், கணவன் மூவரும் சுற்றியிருந்தார்கள். மேலே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மருமகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நடுவில் நின்று, விஞ்ஞானி சொன்னதை வரிசையாகச் சொன்னாள். பாகலுக்கும் சுரைக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இருப்பது தலைக்கு மேலே தொங்குகிறது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். டிசைனின் முகம் வெளுத்தது.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. படிச்சவங்க ஆயிரம் சொல்வாங்க."

"உங்க சுரைக்காயும்தான் உதவலை மாமா."

"வாயைப் பாரு!" என்றாள் மாமியார்.

"பெரியத்தான், நீங்க சொல்லுங்க. அந்தக் குடுவையைத் துளை போடும்போது எப்படி இருந்துச்சு?"

டிசைன் தரையைப் பார்த்தான். "தூசி வாயில பட்டா கசக்கும். பயங்கரமா கசக்கும். துணியை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் வேலை செஞ்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அது போய் அப்பா காய்ல சேரும்னு நான் கண்டேனா?" என்றான்.

மாமியார் உடனே எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ. "அவன் தெரிஞ்சா செஞ்சான்? பாவம், பிள்ளை ஏதோ பிழைக்க வழி பார்த்தான். பூச்சி பண்ண வேலைக்கு அவன் என்ன பண்ணுவான்?"

மருமகள் பையைக் கீழே வைத்தாள்.

"அத்தை, இதே வார்த்தையை என்னைப் பத்தி ஒரு தடவை சொன்னீங்களா? பாகக்கொடிதான் காரணம்னு நினைச்சீங்க. சரி. 'அவ தெரிஞ்சா செஞ்சா'ன்னு வாய் வந்துச்சா உங்களுக்கு? என் விஷயத்துல பூச்சி பண்ணாது, செடி பண்ணாது, நான்தான் பண்ணுவேன். உங்க பிள்ளைன்னா பூச்சி பண்ணிடும், அப்படித்தானே?"

"ஏன் பழசைக் கிளறுறே? அதான் நல்லாயிட்டாரே."

"மாமா." அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "கொட்டிடறேன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"எனக்குத்தான் ஞாபகம் இல்லைன்னு சொன்னேனே."

கணவன் விரலில் ஒட்டியிருந்த மசியைச் சுரண்டினான். அவனையும் அவள் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

"சரி. நாளைக்குத் தெருவுல எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லப்போறேன். அந்த விதையில வந்த காயை நாக்குல வச்சுப் பார்க்காம யாரும் சமைக்கக் கூடாது."

அப்போதுதான் வீடு உண்மையில் கொதித்தது. அதுவரை முனகிய மாமனாருக்குக் குரல் திரும்பி வந்தது. மரியாதை என்ன ஆவது, சர்வேயர் வீட்டு விதை விஷம் என்று பேர் எடுக்கவா, இன்னும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாமே. மாமியார் ஒப்பாரி வைத்தாள். டிசைன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான், யாரோ எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்பதுபோல. "ஏதாவது ஆனா பார்த்துக்கலாமா?" என்றாள் மருமகள். "நீங்க பார்த்த லட்சணம்தான் தெரியுதே மாமா. பெட்டுல படுத்துக்கிட்டுச் சுவத்தைப் பார்த்தீங்க."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். தையல்காரர் ஒருவர், "மாமனாரோட சண்டையா? அதுக்கு எங்க வீட்டுக் கொடியை ஏன் இழுக்கறே?" என்றார். அவள் கத்தியை வாங்கி, அவர் வாசலில் தொங்கிய காயைக் கீறி, ஒரு சின்னத் துண்டை நீட்டினாள். "நுனி நாக்குல வைங்க. முழுங்காதீங்க." அவர் வைத்தார். துப்பினார். ஓடிப்போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கொடியைப் பிடுங்க ஆரம்பித்தார். அடுத்த வீட்டுக் காய் தேனாக இருந்தது. அதற்கு அடுத்தது மறுபடி கசந்தது.

தெருக் கோடியில் சலவை நிலையம் நடத்தும் பெண்ணின் வீடு. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் கோணியது. உள்ளே அவளுடைய சின்ன மகள் பாயில் சுருண்டு படுத்திருந்தாள்.

"முந்தாநாள் சமைச்சேன்" என்றாள் சலவைக்காரி. "கசக்குதும்மான்னு சொன்னா. அடம் பிடிக்கறான்னு நினைச்சேன். சாப்பாட்டை வீணாக்குவியாடின்னு முதுகுல ரெண்டு வச்சேன். நாலு வாய் தின்னுட்டு விடிய விடிய வாந்தி. டிபன் ஏதோ ஒத்துக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அடிச்சுத் தின்ன வச்சேனே! இந்தக் கையால அடிச்சுத் தின்ன வச்சேனே!"

மருமகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆட்டோ பிடித்து அதே மருத்துவமனைக்கு ஓடினார்கள். அதே இளம் டாக்டர். நாலு வாயோடு நின்றதால் பெரிய ஆபத்து இல்லை, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, ஒரு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்றார். சலவைக்காரி தலையாட்டினாள். ஊசி ஏறியதும், மகளுக்குப் பக்கத்தில் தன் தங்கையை உட்கார வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "உங்க வீட்டுக்கு வழி காட்டு" என்றாள்.

வழி அவளுக்குத் தெரியும். தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டே நடந்தாள்.

மாமனார் முன்னறையில் அதே சாய்வு நாற்காலியில் இருந்தார். சலவைக்காரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சர்வேயர் ஐயா! உங்களுக்கு விஷம்னு தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"உட்காரும்மா, என்ன விஷயம்..."

"உட்கார வரலை. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாராமே, சுரைக்காய்தான்னு. படுக்கையிலேர்ந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா என் பொண்ணு தின்னிருப்பாளா? எனக்கு விதை குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா? வாசல்ல நின்னு எப்படி ஊன்றணும், எத்தனை அடி தள்ளி ஊன்றணும்னு பாடம் நடத்தினீங்களே! குடுக்கும்போது வாய் இருந்துச்சு, சொல்றதுக்கு இல்லையா? மருமக மேல பழியைப் போட்டுட்டு ஹாயா சாய்ஞ்சிருக்கீங்க. இவ சொல்லாம இருந்திருந்தா மிச்சத்தையும் இன்னிக்கு ஆக்கிப் போட்டிருப்பேன். என் பொண்ணு செத்திருப்பா!"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தையல்காரர் முன்னால் நின்றார். மாமியார் உள்ளேயிருந்து வந்து, "ஏம்மா கத்தறே, இவதான் அந்தப் பாகக்கொடியை..." என்று பழைய பல்லவியைத் தொடங்கினாள்.

"நிறுத்துடி!" என்றார் மாமனார்.

அவர் மருமகளைப் பார்க்கவில்லை. சலவைக்காரியைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கசக்குதுன்னு தெரிஞ்சுதான் குடிச்சேன். கொட்டிடறேன்னு கையை நீட்டினா. நான்தான் விடலை. அவ மேல தப்பு இல்ல. குழந்தையோட ஆஸ்பத்திரிச் செலவு..."

"உங்க காசை நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு சலவைக்காரி மகளிடம் திரும்பிப் போனாள்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. இதற்குத்தான் மருமகள் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டாயிற்று. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கோபம்தான் இன்னும் ஏறியது. அவளிடம் சொல்லாததை, அவள் கேட்டபோது போர்வையை மடித்துக்கொண்டிருந்த மனுஷர், ஊரார் கழுத்தைப் பிடித்ததும் சொல்லிவிட்டார். நினைவு அவ்வளவு பளிச்சென்று திரும்பி வந்துவிட்டது. ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது அதற்கு.

அவள் மாடிக்குப் போனாள். சுரைக்கொடியை வேரோடு பிடுங்கினாள். காய்களைக் கத்தியால் பிளந்து, விதை தெரியும்படி கிழித்து, குப்பைப்பையில் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். பந்தல் கம்பி கையைக் கீறியது. நிறுத்தவில்லை. மாமனார் படியேறி வந்து பாதியில் மூச்சு வாங்க நின்று, "எல்லாத்தையுமா எடுக்கணும்? ஒண்ணு ரெண்டு நல்லதா இருக்கலாமே" என்றார். அவள் அவர் பக்கம் பார்க்காமலே, "நீங்க நக்கிப் பார்த்துச் சொல்லுங்க மாமா" என்றாள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

கணவன் மறுநாள் அச்சகத்திலிருந்து வரும்போது ஒரு கட்டுத் துண்டுக் காகிதம் கொண்டுவந்தான். வெட்டி மிஞ்சிய காகிதத்தில் முதலாளியைக் கெஞ்சி அச்சடித்தது. 'சர்வேயர் வீட்டு விதையில் காய்த்த சுரைக்காய் கசந்தால் துப்புங்கள், சமைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்பாவின் பேரையே போட்டிருந்தான். அதைத் தானே எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருக்களுக்கும் போய் வந்தான். திரும்பி வந்து அவள் எதிரில் நின்றான்.

"நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

"கோவம் போகுமா?"

"தெரியலை. இப்ப இல்ல. இந்த வீட்டுல இருந்தா எப்பவும் போகாது. கடைக்குப் பின்னாடி ரெண்டு ரூம் காலியா இருக்கு. நான் போறேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

அவன் யோசிக்கவில்லை, வருகிறேன் என்றான். அது ஒன்றுதான் அவனுக்கு அவளிடம் மிச்சம் இருந்த நல்ல பேர்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன வேன் வந்தது. கட்டிலைப் பிரித்து ஏற்றினார்கள். பீரோ படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளவே, டிசைனும் வந்து ஒரு பக்கம் பிடித்தான். "தப்பா நினைச்சுக்காதே" என்றான். "பீரோவைத் தூக்குங்க பெரியத்தான், சுவத்துல இடிக்குது" என்றாள் அவள். மாமனார் வெளியே வரவில்லை. அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடியது.

மாமியார் மட்டும் வாசற்படியில் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இப்படி மூட்டை முடிச்சோட பட்டப்பகல்ல கிளம்பினா தெருவுல என்ன பேசுவாங்க?"

"தெருவுக்குத்தான் நானே எல்லாத்தையும் சொல்லிட்டேனே அத்தை" என்று சொல்லிவிட்டு, மருமகள் வேனில் டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினாள். கதவு சரியாக மூடவில்லை. மறுபடி திறந்து, இன்னும் பலமாக அறைந்தாள்.